ஆளுக்கு இரண்டரை

மூன்றாம் மாடி, ஜன்னல் திறக்காத அறை
செவ்வாய்க்கிழமை

என் அன்புக்கும் என் வலது அடிவயிற்றுக்கும் சொந்தக்காரியான பாப்பாவுக்கு,

உன் மாமன் எழுதுவது. சும்மா நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் ஆதாரத்தோடு எழுதுகிறேன். நேற்று எடுத்த ரத்தத்தில் கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்று. சிறுநீரகம் சோர்ந்தால் ஏறுகிற எண் அது, ஏறவே இல்லை. சீட்டைப் பார்த்த டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். சரி, எழுந்து நிற்கவில்லை, தலையை ஆட்டினார். ஆனால் அவர் எல்லாருக்கும் தலையாட்டுகிற ஆள் இல்லை. இந்த வரிசையில் இருக்கும் அத்தனை நோயாளிகளிலும் உன் சிறுநீரகம்தான் முதல் ரேங்க். வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரு நாள் லீவு போடவில்லை. வேலையில் உன்னைப் போலவே இருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஆஸ்பத்திரிக்கு எதிரே வாடகைக்கு எடுத்த இந்த அறை பத்துக்குப் பத்து. இரண்டு கட்டில், ஒரு அடுப்பு மேடை, உன் அம்மா. நான் போனில் ஹலோ சொல்வதற்குள் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு, உப்பைப் பற்றிச் சொல்லு, தண்ணி அளவைச் சொல்லு, அவ தையல் போட்ட இடம் குளிர்ல இழுக்குதான்னு கேளு என்று நடுவில் புகுந்துவிடுகிறாள். பேசுவது நானா அவளா என்று உனக்கே தெரியாது. பேனாவைப் பிடித்தால்தான் இந்த அறையில் எனக்கென்று ஒரு மூலை கிடைக்கிறது.

ஜன்னலைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறார்கள். வெளியே புறா. அதன் எச்சத்தூசி மூச்சில் ஏறினால் எனக்கு ஆபத்தாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கிறேன். யார் கூண்டில் இருப்பது என்று அதற்கு நல்ல சந்தேகம். ஆறு மாதம் முடியும்வரை கூட்டத்தில் போகக்கூடாது, முகக்கவசம் இல்லாமல் கதவைத் தாண்டக்கூடாது, யாருக்கும் கை கொடுக்கக்கூடாது. காலை எட்டு மணி, இரவு எட்டு மணி மாத்திரை. ஐந்து நிமிடம் தவறினால் உன் அம்மா பார்க்கிற பார்வைக்கு மாத்திரையே தேவையில்லை.

இதில் பெரிய கொடுமை எது தெரியுமா? இந்தக் கட்டிடத்து லிஃப்ட். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது ஒரு விக்கல் விக்குகிறது. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது, அரை மணி நேர வேலை. முப்பத்து மூன்று வருடத்தில் நான் பழுது பார்த்த லிஃப்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்குப் போய் வரலாம். என் காதுக்குப் பத்தடி தூரத்தில் ஒன்று நாள் முழுக்க விக்குகிறது, நான் படுத்துக்கொண்டு எண்ணுகிறேன். கிரீஸில் கை வைத்தால் கையை ஒடிச்சிருவேன் என்று உன் அம்மாவின் உத்தரவு.

இனி ஆராய்ச்சி விவகாரம். நீ வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் எட்டாம் வகுப்பு அரையாண்டோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். ஆனாலும் டாக்டரம்மா சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னதும், நீங்களே கிளாஸ் எடுக்கலாம் போலிருக்கே ஐயா என்றார். விஷயம் இதுதான். நீ அக்கா மகள் என்று எனக்குத் தெரியும், என் ரத்தத்துக்குத் தெரியாது. அது உன் சிறுநீரகத்தை வெளியாள் என்று விரட்டப் பார்க்கும். விரட்டாமல் இருக்க அதை அரைத்தூக்கத்தில் வைக்க வேண்டும். அதற்கு வழக்கமாக மூன்று மாத்திரை. மூன்றாவது, சின்ன வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. காவலும் பலம், தொல்லையும் பலம். முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கோபம் பொத்துக்கொண்டு வரும். உயிரோடு இருக்கிற ஒருவர் மனசாரக் கொடுத்த சிறுநீரகத்துக்கு அந்த வெள்ளை இல்லாமல் இரண்டே போதுமா, அல்லது மூன்றும் வேண்டுமா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மூன்று. மீதிப் பேருக்கு ஒரே வாரத்தில் வெள்ளையை நிறுத்திவிட்டு இரண்டு. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எது நல்லதுன்னு உங்களுக்கே தெரியாதா என்று கேட்டேன். தெரிஞ்சா ஏங்க ஐயா குலுக்கப் போறோம் என்றார்.

எனக்கு இரண்டு விழுந்தது. பலமான ஆளுக்கு இரண்டு போதும் என்று கம்ப்யூட்டருக்கே தெரிந்திருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். ஒரு லிஃப்ட் பெட்டியை ஒரே ரோப் தாங்கும். ஆனாலும் நாங்கள் நாலு போடுவோம். ஒன்றைக் கழற்றினால் விழாது, பெட்டிக்குள் இருப்பவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் கழற்றியது எனக்குத் தெரியும் அல்லவா? அப்புறம் அந்தப் பெட்டியில் ஏற எனக்குக் கால் வராது.

அடுத்த அறையில் ஒரு டிராயிங் மாஸ்டர். மனைவி கொடுத்த சிறுநீரகம். அவருக்கு மூன்று விழுந்தது. காலையில் வராந்தாவில் அரை மணி நேரம் நடக்க இரண்டு பேருக்கும் அனுமதி உண்டு. நல்ல மனுஷன். நான் லிஃப்ட் இன்ஜினியர் என்று சொன்னதை அப்படியே நம்பி, இன்ஜினியர் என்றே கூப்பிடுகிறார்.

நிறையத் தண்ணீர் குடி. கனமான பெட்டி எதையும் தூக்காதே. கண்ணாடித் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை என்றாயே, மேற்பார்வையாளரிடம் ஒரு ஸ்டூல் கேள். தரவில்லை என்றால் மாமன் வந்து பேசுவான் என்று சொல்.

இப்படிக்கு,
மின்தூக்கிகளின் தனிப்பெரும் தலைவன்,
உன் மாமன்


அதே அறை, அதே புறா
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

பாசமுள்ள பாப்பாவுக்கு,

மாமன் அமோகமாக இருக்கிறேன். கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்றிலேயே ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டரம்மா யோசித்தார். இந்த இரண்டு மாத்திரைப் பிரிவில் இவ்வளவு ஏறக்கூடாதே என்றார். பிஸ்கட்டாக இருக்கும் என்று நான் சமாளித்தேன். அன்று முதல் உன் அம்மா பிஸ்கட் டப்பாவைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள்.

நீ கேட்டாயே, பயம் போய்விட்டதா என்று. போயே போய்விட்டது. எப்படி என்று நேரில் சொல்கிறேன், அது ஒரு தொழில்நுட்ப விஷயம். மாஸ்டரும் நானும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். இரண்டும் மூன்றும் ஐந்து. ஆளுக்கு இரண்டரை. உலகத்தில் பெரிய பெரிய டாக்டர்கள் இரண்டா மூன்றா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், நடுவில் ஒரு வழி இருப்பது இரண்டு நோயாளிகளுக்கு வராந்தாவில் தோன்றியிருக்கிறது. இதற்கு மேல் கேட்காதே.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாவம் அந்த ஆள். முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியை வைத்துக்கொண்டு தன் முகத்தையே வரைவது அவருடைய பழக்கம், வாரத்துக்கு ஒன்று, இருபது வருடமாக. இப்போது வரைய உட்கார்ந்தால் பென்சிலைத் தூக்கி எறிகிறார். யாருடைய மூஞ்சியோ எனக்கு ஒட்ட வெச்சிருக்காங்க இன்ஜினியர், இதை என்னால வரைய முடியல என்றார். மனைவியிடம் காரணமில்லாமல் கத்துகிறாராம். வயித்துல அவ சிறுநீரகத்தை வெச்சிக்கிட்டு அவளையே கத்துறேன், நான் மனுஷனா என்று கேட்டார். நான் வழக்கம்போல் ஒரு ஜோக் அடித்தேன். சிரிக்கவில்லை. ஆனால் இப்போது தேவலை. போன வாரம் ஒரு படம் முடித்துவிட்டார், கன்னம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. எனக்குக் காட்டினார். நானும் ஒரு காரணம் என்று நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது.

உன் அம்மாவும் மாஸ்டர் மனைவியும் ஒரே அடுப்பில் சமைக்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள். அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் தழும்பு இன்னும் அரிக்கிறதாம். உனக்கும் அப்படியா? சொறியாதே. இதை எழுதும்போது என் தழும்பும் அரிக்கிறது, ஒரே வீட்டுச் சரக்கு பார்.

லிஃப்ட் இன்னும் விக்குகிறது. நேற்று நின்றே விட்டது, உள்ளே ஒரு நர்ஸ். நான் ஆறடி தள்ளி நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்திக் கத்தி, காவலாளியைக் கொண்டு மூன்றே நிமிடத்தில் திறக்க வைத்தேன். அந்தப் பெண் வெளியே வந்ததும் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். நான் அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஸ்டூல் கிடைத்ததா?

என்றும் குறையாத அன்புடன்,
இரண்டரை மாத்திரை மாமன்


அறையிலிருந்து
வெள்ளிக்கிழமை

பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எதையும் கூட்டி எழுதவில்லை. எழுதி முடித்து ஒருமுறை படித்தேன், இரண்டு இடத்தில் கூட்டியிருந்தேன், அடித்துவிட்டேன். அடித்தல் தெரிந்தால் அதுதான் காரணம்.

மாஸ்டர் எதிரே ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிறார். அவர் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை விரட்டத் தொடங்கிவிட்டது. அதற்குக் காரணம் நான்.

ஏற்பாடு என்று எழுதினேனே, அது இது. அவருக்கு வெள்ளை மாத்திரை வேண்டாம். எனக்கு அது வேண்டும். ஒற்றைப்படைத் தேதிகளில் அவர் அதை மனைவி பார்க்கும்போது வாயில் போட்டு, நாக்குக்கு அடியில் வைத்திருந்து, ஒரு பழைய குண்டூசி டப்பாவில் துப்பிக்கொண்டு வருவார். முதலில் அப்படித்தான், அப்புறம் கையிலேயே மறைக்கப் பழகிவிட்டார். வராந்தாவில் டப்பா கை மாறும். ஐந்து வாரம். யோசனை என்னுடையது. அவர் புலம்பினார், கணக்குப் போட்டது நான்தான். எனக்கு ஒரு ரோப் கூடுகிறது, அவருக்கு முகம் திரும்பக் கிடைக்கிறது, யாருக்கு நஷ்டம் என்று கேட்டேன். மற்ற மாத்திரையின் அளவை ரத்தத்தில் பார்க்கிறார்கள், வெள்ளையை அப்படிப் பார்ப்பதில்லை. அதனால் பிடிபடவும் இல்லை. என் சர்க்கரை ஏறியது அதனால்தான், பிஸ்கட் மேல் குற்றமில்லை.

போன வாரம் அவருக்குக் கிரியேட்டினின் இரண்டு புள்ளி ஆறு. மறுநாள் மூன்றைத் தாண்டியது. ஊசி விட்டு, துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். விரட்டுகிறது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அன்று என்னைப் பரிசோதிக்கும்போது டாக்டரம்மா தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார், மூணு மாத்திரையும் ஒழுங்கா சாப்பிடறவருக்கு இப்படி ஆகுதுன்னா சாதாரண வைத்தியம் கேக்காது ஐயா, பெரிய ஊசிக்குப் போக வேண்டியிருக்கும் என்று. அந்த ஊசி உடம்பின் காவலை அரைத்தூக்கத்தில் வைக்காதாம், அடியோடு கலைத்துவிடுமாம். அதற்கப்புறம் ஒரு சளி வந்தால்கூடத் தாங்குவாரா என்று சொல்ல முடியாது. வியாழக்கிழமை காலை போடுவதாக ஏற்பாடு.

டாக்டரம்மா என்னிடம் இதைச் சொன்னது இந்தத் திங்கட்கிழமை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு உண்மை தெரியும், அவருக்குத் தெரியாது. மூன்றும் சாப்பிடாதவருக்கு, மூன்றும் சாப்பிட்டவர் என்று நினைத்து மருந்து போடப் போகிறார்கள். வாயைத் திறந்தால் முடிந்தது. நான் திறக்கவில்லை. பாப்பா, நானா என்று நீ கேட்பாய். இந்த வாய்தான்.

அன்று சாயங்காலம் வார்டுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாக மாஸ்டரைப் பார்த்தேன். அவர் முகக்கவசத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார். அப்புறம் போனில் பேசினார். அவளுக்கு மட்டும் தெரியக்கூடாது இன்ஜினியர், அவ கொடுத்ததை நான் துப்பிக்கிட்டிருந்தேன்னு தெரிஞ்சா அவ செத்துருவா, என்மேல சத்தியம் பண்ணு என்றார். பண்ணிவிட்டேன். பண்ணிவிட்டு அறைக்கு வந்தால் அவர் மனைவி உன் அம்மாவிடம், ஒரு வேளை தவறாம நான்தான் எடுத்துக் கொடுத்தேன், அப்புறம் எப்படிக்கா, என் சிறுநீரகம்தான் சரியில்லையோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. நான் கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். வெளியே போக முடியாது, உள்ளே இருக்கவும் முடியாது. சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் ஆள் போவார். இதோடு உன் அம்மா முகத்தில் விழிக்க வேண்டும். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. அந்த இரண்டு நாளை நான் எந்த வகையிலும் அழகுபடுத்த முடியாது.

புதன்கிழமை டாக்டரம்மா அறைக்குப் போனேன். உட்கார்ந்ததும் லிஃப்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். ஐந்து நிமிடம் பேசினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். எத்தனை நாள், எந்தெந்த நாள் என்று மட்டும் கேட்டார். ஒற்றைப்படைத் தேதிகள் என்றேன். உடனே வார்டுக்குப் போன் போட்டு, நாளைக்கு அந்த ஊசி வேண்டாம், நிறுத்துங்க என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, நீங்க சொல்லாம இருந்திருந்தா என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

இப்போது மாஸ்டருக்கு அதே ஸ்டீராய்டைத்தான், அதிக அளவில், நரம்பு வழியாகக் கொடுக்கிறார்கள். மூன்று புள்ளி இரண்டிலிருந்து இரண்டு புள்ளி நாலுக்கு இறங்கியிருக்கிறது. பழைய இடத்துக்கு வருமா என்று கேட்டேன். வரலாம், கொஞ்சம் போனது போனதாவும் இருக்கலாம் என்றார். எனக்கும் வெள்ளை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக்கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். உன்னுடையது பத்திரமாக இருக்கிறது. நேற்று ஒன்று புள்ளி இரண்டு. இது கூட்டியோ குறைத்தோ எழுதிய எண் இல்லை, சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆராய்ச்சியில் எங்கள் இரண்டு எண்களுக்கும் எதிரே, சொன்னபடி மருந்து சாப்பிடவில்லை என்று எழுதுவார்களாம். மற்ற நூறு பேர் ஒழுங்காகச் சாப்பிட்டு ஒரு பதிலைக் கண்டுபிடிப்பார்கள். அதில் எங்கள் பங்கு கொஞ்சம் குழப்பம்.

மாஸ்டர் என்னுடன் பேசவில்லை. போன் எடுப்பதில்லை. விஷயம் தெரிந்து அவர் மனைவி நேற்று வந்து நம் அறை வாசலில் நின்றார். துடைப்பத்தால் அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக எழுந்து நின்றேன். ஏண்ணே, அவர் மூஞ்சி வீங்கிருச்சுன்னு நான் ஒரு நாளாவது சொன்னேனா என்று கேட்டார். அவ்வளவுதான். அடுப்பில் பால் இருக்கு என்று போய்விட்டார்.

உன் அம்மா என்னை அடிக்கவில்லை. இப்போது மாத்திரையை அவளே என் நாக்கில் வைக்கிறாள். ஆ காட்டு, நாக்கைத் தூக்கு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஐம்பத்தாறு வயதுக்காரனின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். அந்த நேரத்தில் அவள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. நான் அதைப் பார்க்காத மாதிரி மேலே மின்விசிறியைப் பார்க்கிறேன்.

இது பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம்டா என்றாள். கொடுத்துட்டு நிம்மதியா இருக்கா, அந்த நிம்மதியைக் கெடுக்காதே, நல்லா இருக்கேன்னு எழுதிப் போடு என்றாள். டாக்டரம்மாவும், சிறுநீரகம் கொடுத்தவருக்கு இதையெல்லாம் நாங்க சொல்றதில்ல, உங்க விருப்பம் என்றுதான் சொன்னார். சொல்லாமல் இருக்க எல்லா வசதியும் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் இனி உனக்கு எழுதும் ஒவ்வொரு கடிதமும் நலம் என்று தொடங்கும், நான் மீதிக் காலமெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த அறையைவிட அது சின்னது.

அதனால் எழுதிவிட்டேன். கீழே போய்த் தபாலில் போட மாஸ்டர் மனைவியிடம்தான் கொடுக்கப் போகிறேன். எனக்கு வேறு ஆள் இல்லை. அவர் வாங்குவாரா என்று தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் நீ என்னை எப்படித் திட்டுவாய், நினைவிருக்கிறதா? பீடி புகைத்தால், மருந்தை மறந்தால், கதை அளந்து விட்டால், மாமான்னுகூடப் பாக்க மாட்டேன் என்று ஆரம்பித்துத் தெரு முனைவரை கேட்கும்படி திட்டுவாய். கொடுத்த நாளிலிருந்து நீ ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எது சொன்னாலும் பரவாயில்ல மாமா, உடம்பைப் பாத்துக்குங்க மாமா. கொடுத்துவிட்டோம், இனி திட்டினால் சொல்லிக்காட்டுவது போலாகிவிடும் என்று நினைத்துத்தான் பேசாமலிருக்கிறாய், எனக்குத் தெரியும். நானும், வாங்கியவன்தானே என்று, உன்னிடம் பயத்தைச் சொல்லாமல், சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். இரண்டு போதாதோ என்று எனக்கிருந்த பயத்தை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லியிருந்தால், நீ போனிலேயே என் காதைத் திருகியிருப்பாய்.

பாப்பா, இதற்கு மட்டும் பரவாயில்ல மாமா என்று எழுதிவிடாதே. திட்டி எழுது. மனசில் உள்ளதை ஒன்றுவிடாமல் எழுது, சொல்லிக்காட்டு, கேட்கக்கூடாததைக் கேள். மாமாவுக்கு உன்னிடமிருந்து அது வர வேண்டும்.

நீ நூறு வருஷம் உடம்பில் ஒரு நோவும் இல்லாமல் இரு.

மாமா